வாசகர் கேள்வி – பதில்: சிறுவிடைக் கோழியில் தாய்மந்தை தேர்வு

கேள்வி: என்னிடம் சிறுவிடை எனும் சிறிய உடல்கொண்ட நாட்டுக்கோழிகள் ஏறத்தாழ அறுபது, ஐந்து மாத வயதில் உள்ளன. சிலவற்றை இனவிருத்திக்கு நிறுத்திக்கொண்டு மற்றவற்றை விற்க எண்ணுகிறேன். வியாபாரி பெரிய சேவல்களையே கேட்கிறார். எவற்றை வைத்துக்கொள்வது?
– வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: வியாபாரி வருவதற்கு முன்பே தேர்வை முடித்து, தாய்மந்தையாக, அதாவது இனவிருத்திக்காக நிறுத்தப்போகும் கோழிகளின் காலில் வளையம் மாட்டிவிடுங்கள். நன்றாக வளர்ந்த சேவல்கள் ஆண்டுதோறும் சந்தைக்குப் போய், விலைபோகாதவையே தந்தையாக நின்றுவிடுவதால்தான் பல வீடுகளில் மந்தையின் உடல் எடை தலைமுறைக்குத் தலைமுறை குறைகிறது. தீவனத்தையும் இனத்தையும் குறை சொல்வதற்கு முன் இதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

பெரியதெல்லாம் நல்லதென்றும் கொள்ள வேண்டாம். கூட்டத்தில் ஒரு சேவல் மட்டும் நிமிர்ந்த நடை, நீண்ட கழுத்து, தடித்த கால், தலையோடு ஒட்டிய சிறு கொண்டை, தாடியற்ற தொண்டை ஆகியவற்றுடன் தனித்து வளர்ந்திருந்தால், அதில் சண்டைக்கோழி இனமான அசில் அல்லது பெரிய உடல்கொண்ட நாட்டுக்கோழியான பெருவிடையின் கலப்பு இருக்கக்கூடும். எடைக்காக அதை நிறுத்தினால் சிறுவிடையின் கச்சிதமான உடலமைப்பு ஓரிரு தலைமுறைகளில் கலைந்துவிடும். எடையை ஒப்பிடும்போது ஒரே நாளில் பொரித்த குஞ்சுகளை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். மார்கழியில் பொரித்ததையும் சித்திரையில் பொரித்ததையும் ஒரே தராசில் வைத்து முடிவெடுப்பது பயன் தராது. அடுத்த முறையிலிருந்து எட்டாவது வாரத்திலேயே ஒருமுறை எடை பார்த்துக் குறித்துவையுங்கள். இளம் வயதில் விரைந்து வளர்ந்தவை எவை என்பது அப்போதுதான் தெளிவாகத் தெரியும்.

பிறகு ஒவ்வொன்றையும் கையில் பிடித்துப் பாருங்கள். நெஞ்செலும்பு நேராக இருக்க வேண்டும். அலகின் மேலும் கீழும் பொருந்த வேண்டும். விரல்கள் வளையாமல் தரையில் விரிய வேண்டும். கண்ணின் பாவை வட்டமாகவும் கருவிழி தெளிவாகவும் இருக்கிறதா என்று பாருங்கள். கருவிழி சாம்பல் நிறமாகிப் பாவை ஒழுங்கற்றிருப்பது மேரெக்ஸ் எனும் வைரஸ் நோயின் ஓர் அடையாளம். இரவில் கூண்டருகே நின்று மூச்சொலியைக் கேளுங்கள். கரகரவென்று மூச்சுவிடும் கோழி எவ்வளவு அழகாக இருந்தாலும் தாய்மந்தைக்கு வேண்டாம், ஏனெனில் நாட்பட்ட சுவாச நோயை உண்டாக்கும் மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரி முட்டை வழியாகவே குஞ்சுக்குச் செல்லும். இறகின் நிறத்தைப் பொருத்தவரை, சிறுவிடையில் பல நிறங்கள் இயல்பாகவே உண்டு என்பதால், அதற்காக ஒரு நல்ல கோழியைக் கழிப்பது எனக்கு உடன்பாடானதன்று.

முட்டையிடும் திறனை ஐந்து மாதத்தில் யாராலும் சொல்ல முடியாது. முட்டையிடத் தொடங்கிய பெட்டையில் எச்சவாய் அகன்று ஈரமாக இருக்கும். இடுப்பெலும்புகளின் இடைவெளியில் இரண்டு விரல்களும், அவற்றுக்கும் நெஞ்செலும்பின் முனைக்கும் இடையில் மூன்று விரல்களும் நுழையும். மஞ்சள் கால் உடையவற்றில் தொடர்ந்து முட்டையிட்டால் கால் வெளுக்கும். ஆனால் இவையெல்லாம் அந்தப் பெட்டை இப்போது இடுகிறதா என்பதைத்தான் காட்டும். ஆண்டு முழுவதும் எத்தனை இட்டது என்பதற்குக் கால் வளைய எண்ணும் ஒரு நோட்டுப் புத்தகமும்தான் சான்று. உடல் எடை பெற்றோரிடமிருந்து குஞ்சுக்கு ஓரளவு நன்றாகவே இறங்கும் பண்பு. முட்டை எண்ணிக்கை அப்படி எளிதில் இறங்காது. ஆகவே எடைக்குச் சேவலையே பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம்; முட்டைக்கோ, அதன் தாயும் உடன்பிறந்த பெட்டைகளும் எப்படி இட்டன என்பதைப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். கொண்டையின் அழகை மட்டும் பார்த்துச் சேவல் நிறுத்தும் வழக்கம் நம்மிடம் மிகுதி.

உங்கள் அறுபதில் இருபது பெட்டைகளையும் மூன்று சேவல்களையும் நிறுத்தி, அவசரத்துக்கு மேலும் இரண்டு சேவல்களைத் தனியே வையுங்கள். ஓராண்டு முட்டைக் கணக்கு வந்த பிறகு பெட்டைகளை மறுபடியும் சலித்தெடுக்கலாம். இறகு உதிர்ப்பைத் தாமதமாகத் தொடங்கி விரைவாக முடிப்பவை பெரும்பாலும் நன்றாக இடுபவை.

கேள்வி: நான்கு ஆண்டுகளாக ஒரே சேவல்தான். அதன் மகள்களும் அதே மந்தையில் உள்ளன. இப்போது பொரிப்பு குறைந்துவிட்டது. சேவலை மாற்றினால் போதுமா?
– வாசகர், சேலம் மாவட்டம்

பதில்: முதலில் காரணத்தைப் பிரித்தறியுங்கள். அடை வைத்த ஏழாம் நாள் இருட்டில் முட்டையை விளக்கொளியில் பாருங்கள். தெளிவாக, கருவே கூடாமல் இருந்தால் சேவலின் முதுமையோ வெயிலோ காரணமாகலாம். கத்திரி வெயிலில் இளம் சேவல்களுக்கும் இது நேரும். இரத்த நாளங்கள் தெரிந்து, பிறகு கரு இறந்திருந்தாலோ, 21-ஆம் நாளில் ஓட்டுக்குள்ளேயே குஞ்சு மடிந்தாலோ நெருங்கிய உறவுக் கலப்பை ஐயுறலாம். தந்தையும் மகளும் சேர்ந்து பிறக்கும் குஞ்சின் உட்கலப்பு அளவு, அதாவது ஒரே மூதாதையின் அதே மரபணு தாய், தந்தை இருவர் வழியாகவும் வந்துசேரும் வாய்ப்பு, 25 விழுக்காடு. உடன்பிறந்தவை சேர்ந்தாலும் அதே அளவுதான்.

சேவலை மாற்றுவது இந்த ஆண்டைக் காப்பாற்றும். நிலையான வழி, பெட்டைகளை மூன்று குழுக்களாகப் பிரித்து, பிறக்கும் பெட்டைகளைத் தாயின் குழுவிலேயே வைத்துக்கொண்டு, இளம் சேவல்களை மட்டும் ஆண்டுதோறும் முதல் குழுவிலிருந்து இரண்டாவதற்கும், இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்கும், மூன்றாவதிலிருந்து முதலாவதற்கும் மாற்றுவதாகும். சேவலை மாற்றியதும் முட்டையை அடைக்கு எடுத்துவிடாதீர்கள். பழைய சேவலின் விந்து பெட்டையின் உடலில் இரண்டு மூன்று வாரங்கள் உயிரோடிருக்கும். வெளியிலிருந்து சேவல் வாங்கினால் மூன்று நான்கு வாரங்கள் தனியே வைத்த பின் சேருங்கள். நாட்டுக்கோழி என்ற பெயரில் விற்கப்படும் கலப்பினக் குஞ்சுகளை இதற்கு வாங்க வேண்டாம். அவை கறிக்கு நல்லவை, ஆனால் அடுத்த தலைமுறை ஒரே சீராக வராது.

கேள்வி: அடிக்கடி அடையில் உட்காரும் பெட்டையைக் கழித்துவிடலாமா?
– வாசகி, சிவகங்கை மாவட்டம்

பதில்: நீங்கள் பொரிப்பான் வைத்து, முட்டைக்காக மட்டுமே வளர்ப்பவரானால் கழிக்கலாம். வீட்டு மந்தையில் அது இழப்பு. அடையில் எத்தனை முறை உட்கார்ந்தது என்பதை விட்டு, பொரித்த குஞ்சுகளில் எத்தனையை எட்டு வாரம் வரை கொண்டுவந்தது என்று எண்ணுங்கள். பருந்துக்கும் கீரிக்கும் குஞ்சுகளைப் பறிகொடுக்காமல் வளர்த்த பெட்டையின் மகன்தான் உங்கள் அடுத்த சேவல்.