ஜான் கசாவெட்டிஸ்: நடித்துச் சம்பாதித்ததைப் படம் எடுத்து விட்டவர்

எங்கள் திரைப்பட வட்டத்தில் போன மாதம் அமெரிக்க இயக்குநர் ஜான் கசாவெட்டிஸின் 'எ வுமன் அண்டர் தி இன்ஃப்ளூயன்ஸ்' (1974) போட்டோம். படம் முடிந்ததும் ஆளாளுக்குக் கேள்வி. மண்டபத்தைப் பூட்டும் நேரமாகிவிட்டதால் சீட்டில் எழுதித் தரச் சொன்னேன். அவற்றுக்கான பதில்கள் இவை.

கேள்வி (கல்லூரி மாணவர்): சார், இவர் நடிகரா, இயக்குநரா?

சம்பளம் வாங்கியது நடிகராக. 1929-ல் நியூயார்க்கில் கிரேக்கக் குடும்பத்தில் பிறந்தவர். நடிப்புப் பள்ளியில் படித்துவிட்டு, ஐம்பதுகளில் தொலைக்காட்சி நாடகங்களில் முறைப்பான இளைஞன் வேடங்களில் வந்துகொண்டிருந்தார். 'தி டர்ட்டி டஜன்' (1967) படத்துக்காகத் துணை நடிகர் பிரிவில் ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. அடுத்த வருடம் 'ரோஸ்மேரிஸ் பேபி'. அதில் பெண்டாட்டியைப் பிசாசிடம் அடகு வைக்கும் கணவன் இவர்தான். முகத்தைப் பார்த்தால் "அட, இவரா!" என்பீர்கள். இயக்கிய படங்களைப் பார்த்தவர்கள்தான் குறைவு.

கேள்வி: முதல் படத்துக்கு ரேடியோவில் பணம் கேட்டாராமே, உண்மையா?

உண்மைதான், அதுவும் வாய் கொடுத்து மாட்டிக்கொண்ட கதை. 1957-ல் தான் நடித்த ஒரு படத்தைப் பற்றிப் பேச ஜீன் ஷெப்பர்டின் இரவு வானொலி நிகழ்ச்சிக்குப் போனார். போன இடத்தில், ஜனங்கள் ஆளுக்கு ஓரிரண்டு டாலர் அனுப்பினால் இதைவிட நல்ல படம் தன்னால் எடுக்க முடியும் என்று சொல்லி வைத்தார். நிஜமாகவே பணம் வந்துவிட்டது, சுமார் 2,000 டாலர். அதன் பிறகு எடுக்காமல் இருக்க முடியுமா? அவர் நடத்திய நடிப்புப் பட்டறையின் ஆட்களை வைத்து, 16 மி.மீ. கேமராவோடு நியூயார்க் தெருவில் இறங்கினார். கடைசியில் செலவு 40,000 டாலர் அளவுக்குப் போய் நின்றது.

அதுதான் 'ஷேடோஸ்'. 1958-ல் முதல் வடிவத்தைத் திரையிட்டார். விமர்சகர் ஜோனாஸ் மெகாஸ் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார். கசாவெட்டிஸுக்கோ திருப்தி இல்லை. பல காட்சிகளைப் புதிதாக எடுத்துச் சேர்த்து 1959-ல் இன்னொரு வடிவத்தைக் கொண்டுவந்தார். பாராட்டிய மெகாஸே இப்போது, நல்ல படத்தைக் கெடுத்துவிட்டார் என்று சண்டைக்கு வந்தார். இன்று நமக்குக் கிடைப்பது அந்த இரண்டாவது வடிவம். கடனை அடைக்க 'ஜானி ஸ்டக்காட்டோ' என்ற தொலைக்காட்சித் தொடரில் பியானோ வாசிக்கும் துப்பறிவாளராக நடித்தார், மொத்தம் 27 பகுதி. பிறகும் நடித்து அடைப்பதும் எடுத்து இழப்பதும்தான் அவர் பிழைப்பு.

கேள்வி (உதவி இயக்குநர்): அண்ணா, ஸ்கிரிப்டே இல்லாமல் எடுப்பாராமே? எங்கள் டைரக்டர் அடிக்கடி சொல்வார்.

உங்கள் டைரக்டர் வேறு காரணம் தேடிக்கொள்ளட்டும் தம்பி. 'ஷேடோஸ்' பட்டறையில் நடிகர்கள் தாமாகப் பேசிப் பார்த்ததிலிருந்து உருவானது. படத்தின் முடிவில் அப்படியே எழுத்தும் போட்டுவிட்டார். அந்த ஒரு வரி அவரை ஆயுளுக்கும் துரத்தியது. அப்புறம் வந்த படங்களுக்கு அவர் வசனம் எழுதியே எடுத்தார். 'ஃபேசஸ்' திரைக்கதைக்கு ஆஸ்கர் பரிந்துரையே உண்டு. அடுத்து என்ன செய்வது என்று அந்த நிமிடம்தான் தோன்றியதுபோல நடிகர்கள் திணறுகிறார்கள் பாருங்கள், அந்தத் திணறலைத்தான் நாம் ஸ்கிரிப்ட் இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம்.

கேள்வி: பெரிய ஸ்டூடியோ ஒன்றும் கூப்பிடவில்லையா?

கூப்பிட்டது. 'ஷேடோஸ்' பெயரால் இரண்டு படம் கிடைத்தது. இரண்டாவதான 'எ சைல்ட் இஸ் வெயிட்டிங்' (1963) படத்தில் தயாரிப்பாளர் ஸ்டான்லி கிராமர் எடிட்டிங்கை இவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். படம் எங்கே போகிறது என்பதிலேயே இருவருக்கும் ஒத்துவரவில்லை. அதோடு சரி. சொந்த வீட்டையே செட்டாக்கி 'ஃபேசஸ்' எடுக்க ஆரம்பித்தார். வெட்டி ஒட்டி முடிக்க வருடக்கணக்காகி 1968-ல்தான் வெளிவந்தது. அதில் மனைவியாக வரும் லின் கார்லின் அதற்கு முன் ஸ்டூடியோ அலுவலகத்தில் செக்ரட்டரி. முதல் படத்திலேயே ஆஸ்கர் பரிந்துரை!

கேள்வி (இல்லத்தரசி): நாங்கள் பார்த்த படத்தில் அந்தப் பெண்ணுக்கு நிஜமாகவே மனநோயா? இன்னும் என் மனசை விட்டுப் போகவில்லை.

எனக்கும்தான் அம்மா, நாலாவது முறை பார்த்தும். படம் எந்த வியாதிப் பெயரும் சொல்வதில்லை. தெருக் குழாய் வேலை பார்க்கும் கணவன், ராத்திரி முழுக்க உழைத்த கூட்டாளிகளைக் காலையில் வீட்டுக்கு அழைத்து வருகிறான். மேபெல் எல்லாருக்கும் ஸ்பகெட்டி பரிமாறுகிறாள். உபசரிப்பு கொஞ்சம் கூடிப்போகிறது. ஒருவரின் முகத்தை ரொம்ப நேரம் பார்த்துவிடுகிறாள். கணவன் கத்துகிறான், மேசை முழுக்க மௌனம். விருந்தாளி முன்னால் "கொஞ்சம் அடங்கு" என்று அதட்டு வாங்காத பெண் எந்த ஊரில் இருக்கிறாள்? ஆறு மாதம் ஆஸ்பத்திரியில் வைத்துவிட்டு அழைத்து வரும்போதும், அவளைவிட அந்தக் கணவன்தான் தடுமாறிப்போனவனாகத் தெரிகிறான். அதை கசாவெட்டிஸ் ஒரு வசனத்திலும் சொல்லவில்லை.

மேபெலாக நடித்த ஜீனா ரோலண்ட்ஸ் அவருடைய மனைவி. 1954-ல் கல்யாணம். தனக்கு ஒரு மேடை நாடகம் எழுதச் சொல்லிக் கேட்டது ஜீனாதான். படித்துப் பார்த்தவர், தினமும் ராத்திரி இதை நடித்தால் உயிர் போய்விடும் என்றாராம். அதனால் சினிமாவானது. கசாவெட்டிஸ் வீட்டை அடகு வைத்தார். கணவனாக நடித்த பீட்டர் ஃபால்க் தன் கைக்காசைப் போட்டார். படத்தில் வரும் மாமியார், கசாவெட்டிஸின் அம்மா. மேபெலின் அம்மாவாக வருபவர் ஜீனாவின் அம்மா. வாங்க ஆளில்லாமல் சொந்தமாகவே வெளியிட்டதில் இயக்கத்துக்கும் நடிப்புக்கும் ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. இரண்டுமே கையில் வரவில்லை. ஜீனாவுக்குக் கௌரவ ஆஸ்கர் கொடுத்தது 2015-ல்.

கேள்வி: மன்னிக்கவும், எனக்குத் தூக்கம் வந்தது.

மன்னிக்க ஒன்றுமில்லை. அவருடைய 'ஹஸ்பண்ட்ஸ்' படத்தில் குடித்துவிட்டுப் பாடும் காட்சியில் எனக்கும் கண் சொருகியது.

கேள்வி: தோல்விப் படம் உண்டா?

நிறைய. 'தி கில்லிங் ஆஃப் எ சைனீஸ் புக்கி' 1976-ல் வந்த வேகத்தில் திரும்பியது. 135 நிமிடத்தை 108 ஆக்கி 1978-ல் மறுபடி விட்டார், அப்போதும் ஓடவில்லை. எனக்கு நீளமானதுதான் பிடிக்கும், நண்பர்கள் ஒப்புக்கொள்வதில்லை.

கேள்வி: அடுத்த தலைமுறையில் யாருக்கு வழிகாட்டினார்?

இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸியைச் சொல்லலாம். பிறர் தயாரிப்பில் ஒரு மசாலாப் படத்தை அவர் முடித்துக் காட்டியபோது, கசாவெட்டிஸ் கட்டிப்பிடித்துக்கொண்டே, ஒரு வருஷத்தைக் குப்பையில் போட்டுவிட்டாய், உனக்குச் சொந்தமானதை எடு என்றாராம். ஸ்கார்செஸி அடுத்து எடுத்தது 'மீன் ஸ்ட்ரீட்ஸ்'.

கேள்வி: கடைசிக் காலம் எப்படி?

குடி. கல்லீரல் கெட்டு, 1989 பிப்ரவரி 3-ல், 59 வயதில் போய்விட்டார். அதற்கு முன் வெனிஸ் திரைப்பட விழாவில் 'க்ளோரியா'வுக்கு (1980) தங்கச் சிங்கம் விருது, பெர்லின் விழாவில் 'லவ் ஸ்ட்ரீம்ஸ்'க்கு (1984) தங்கக் கரடி விருது. 'லவ் ஸ்ட்ரீம்ஸ்' நாயகன் வேடத்தில் ஜான் வாய்ட் நடிப்பதாக இருந்தது. அவர் விலகியதும் இவரே நடித்தார், அதுவும் மறுபடி தன் வீட்டுக்குள்ளேயே. மூன்று பிள்ளைகளும் பிறகு படம் இயக்கியவர்கள்தாம்.

கேள்வி: எதில் ஆரம்பிக்கலாம் சார்?

'ஷேடோஸ்' வேண்டாம், பாதியில் எழுந்துவிடுவீர்கள். 'க்ளோரியா' பாருங்கள்: துப்பாக்கி, துரத்தல், ஜீனா, ஒரு சிறுவன். அதை எழுதிய கசாவெட்டிஸே அதைப் பெரிதாக மதிக்கவில்லை. நீங்கள் மதியுங்கள். தூங்கிப்போனவரும் அதையே பார்க்கலாம்.