வீட்டை அடமானம் வைத்து மகனை விமானி ஆக்கலாமா?

கேள்வி: ஐயா, பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருக்கிறேன். வயது 54. செபராங் ஜெயாவில் கடன் முடிந்த வீடு ஒன்று உண்டு. எஸ்.டி.பி.எம். (பல்கலைக்கழகத்துக்கு முந்திய தேர்வு) முடித்த மகன் விமானி ஆக வேண்டும் என்று ஒரே பிடியாக நிற்கிறான். பயிற்சிப் பள்ளியில் 350,000 ரிங்கிட் கேட்கிறார்கள். வீட்டின் மேல் 200,000 வாங்கி, மீதியை அடுத்த ஆண்டு 55 வயதில் எடுக்கும் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) பணத்தில் கட்ட நினைக்கிறேன். உள்ளூர் விமான நிறுவனத்தில் சேர்ந்தால் கடனைச் சீக்கிரம் அடைத்துவிடலாம் என்கிறான் மகன். மனைவிக்குப் பயம். என்ன செய்யலாம்?

பதில்: நான் உங்கள் மனைவியின் கட்சி. பையனின் ஆசையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கடன் யார் தலையில் விழுகிறது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

200,000 வெள்ளியை (ரிங்கிட்) 4.5 விழுக்காட்டு வட்டியில் 15 ஆண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறக்குறைய 1,530 வெள்ளி. வட்டி மட்டுமே 75,000-ஐத் தாண்டும். கடைசித் தவணை கட்டும்போது உங்களுக்கு 69 வயது. 60-இல் வேலை ஓய்வு என்றால், அதன் பிறகு ஒன்பது ஆண்டு உங்கள் கூரை மகனின் சம்பளத்தை நம்பி நிற்கும். ஈ.பி.எஃப்.-உம் அதற்குள் கரைந்திருக்கும்.

அந்தச் சம்பளம் எப்போது வரும்? லைசென்ஸ் கைக்கு வந்த மறுநாளே வேலை கிடைப்பதில்லை. காத்திருக்கும் காலத்திலும் மருத்துவச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும், கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதியை ஆண்டுதோறும் ஓட்டிக் காட்டும் சோதனையில் தேறித் தக்கவைக்க வேண்டும். சம்பளமில்லாத செலவு இது. வேலை கிடைத்தாலும், ஓட்டப்போகும் விமான ரகத்துக்குத் தனிப் பயிற்சி. அதை நிறுவனம் ஏற்றால் சில ஆண்டு அங்கேயே வேலை செய்ய வேண்டும் என்ற பாண்டு, ஏற்காவிட்டால் மறுபடியும் உங்கள் பணம். கேப்டனுக்கான லைசென்ஸ் வாங்கக் குறைந்தது 1,500 மணிநேரம் பறந்திருக்க வேண்டும். அதுவரை துணை விமானிதான்.

சுபாங்கிலிருந்து பினாங்குக்கும் கோத்தா பாருவுக்கும் போகும் ஏடிஆர் 72 போன்ற சிறிய காற்றாடி விமானங்களில் வேலை எப்படி என்று பையனுக்குச் சொல்லுங்கள். ஏறக்குறைய 70 இருக்கை, ஒரு மணிநேரப் பயணம், ஒரே நாளில் நான்கு தடவை ஏறி இறங்குவதும் உண்டு. விடியுமுன்னே வேலைக்குக் கிளம்ப வேண்டும். தீபாவளி என்றும் பார்க்க மாட்டார்கள். ஆனால் நல்ல பக்கமும் உண்டு: பல இரவுகள் சொந்தப் படுக்கையில் தூங்கலாம், தரையிறக்கும் பழக்கம் கை நிறையச் சேரும், சேர்ந்த மணிநேரம் பிறகு ஜெட் விமான வேலைக்கு ஏணியாகும். கேப்டன் ஆனபின் வருமானம் நன்றாகவே இருக்கும், அதை நான் மறுக்கவில்லை.

ஆனாலும் சம்பளத்தில் ஒரு பெரும்பகுதி பறந்தால் மட்டுமே வரும் அலவன்ஸ். 2020-இல் விமானங்கள் தரையில் நின்றபோது அது நின்றுபோனது. பலருக்கு வேலையே போனது. விமானிச் சீருடையிலேயே சாப்பாட்டுக் கடை போட்டவரின் படம் அந்த ஆண்டு ஊரெல்லாம் சுற்றியது உங்களுக்கும் நினைவிருக்கும். அதனால் தவணையைத் தாங்குமா என்று பார்க்கும்போது அடிப்படைச் சம்பளத்தை மட்டும் கணக்கில் எடுங்கள்.

முதலில் பையனை விமானிகளுக்கான முதல் வகுப்பு மருத்துவச் சோதனைக்கு அனுப்புங்கள். நிறக்குருடோ இதயத் துடிப்பில் கோளாறோ இருந்தால் இப்போதே தெரிந்துவிடும். மூன்றரை லட்சத்துக்கு முன் அந்தச் செலவு கடுகளவு. (பணம் கட்டியபின் சோதனைக்குப் போன ஒரு குடும்பத்தைப் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டில் இன்னும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.)

பிறகு, விமான நிறுவனமே ஆள் எடுத்துப் பயிற்சி தரும் கேடட் திட்டங்களுக்கு விண்ணப்பிக்கட்டும். பாண்டும் சம்பளப் பிடித்தமும் இருக்கலாம், ஆனால் பயிற்சி முடியும்போது பெரும்பாலும் நாற்காலி காத்திருக்கும். அவனுக்கு வயது இருக்கிறது. இரண்டு ஆண்டு காத்திருந்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. அதற்குள் பாயான் லெப்பாஸில் ஒரு வேலை பார்த்துச் சேர்த்து வைக்கலாம். விமானப் பராமரிப்புப் படிப்பையும் விசாரிக்கச் சொல்லுங்கள்.

பள்ளிதான் என்று முடிவானால், மொத்தமாகக் கட்டாதீர்கள், கட்டம் கட்டமாகக் கட்டுங்கள். பறக்கும் நிலையில் எத்தனை விமானம் இருக்கிறது, போன ஆண்டு முடித்தவர்களில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று நேரில் போய்க் கேளுங்கள். பதில் இழுத்தால் வெளியே வந்துவிடுங்கள்.

“கடன் மகன் பெயரில், நீங்கள் ஜாமீன் மட்டும்” என்று யாராவது சொல்வார்கள். அவனால் கட்ட முடியாத மாதத்தில் வங்கி உங்கள் கதவைத்தான் தட்டும். அதற்கும் கையெழுத்துப் போடாதீர்கள்.