தாவித் தாவி வாசிப்பது (கடிதம்)

அன்புள்ள ஐயா,

ஓர் ஆங்கிலக் கட்டுரையில் ‘டெசல்ட்டரி ரீடிங்’ என்று படித்தேன். அகராதியில் ‘ஒழுங்கில்லாத, தொடர்பற்ற’ என்று போட்டிருக்கிறது. நுனிப்புல் மேய்வதைத்தான் சொல்கிறார்களா? இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அது ரோமானியப் பந்தயத் திடலிலிருந்து வந்த சொல். தேரோட்டிகள் ஓடிய அதே திடலில் ‘டெசுல்தோர்’ என்ற வித்தைக்காரனும் உண்டு. இரண்டு குதிரைகளைச் சேர்த்து ஓட்டுவான். வேகம் குறையாமலே ஒன்றின் முதுகிலிருந்து மற்றதன் முதுகுக்குத் தாவுவான். ரோமானியருக்கு அங்கவடி (சேணத்தில் தொங்கும் கால்மிதி) தெரியாது என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள். லத்தீனில் ‘டே’ என்றால் விட்டு, ‘சலீரே’ என்றால் குதிப்பது. கி.மு. 88இல் ரோமில் அடித்த ‘தெனாரியஸ்’ என்ற ஒரு வெள்ளி நாணயத்தில் இவன் கூம்புத் தொப்பியோடு, பாய்ந்தோடும் இரட்டைக் குதிரைகளோடு இருக்கிறான்.

ரோமை எதிர்த்துப் போரிட்ட கார்த்தேஜ் தளபதி ஹன்னிபால் காலத்து, வட ஆப்பிரிக்க நுமிடியக் குதிரைவீரர்களைப் பற்றி எழுதும்போது வரலாற்றாசிரியர் லிவி இவனைத்தான் உவமை காட்டுகிறார். ஆளுக்கு இரண்டு குதிரை. சண்டை உச்சத்தில் இருக்கும்போதே, களைத்த குதிரையை விட்டு, ஆயுதங்களோடு களைக்காத குதிரைமேல் தாவிவிடுவார்களாம். நிற்காமல் போவதற்காகத்தான் அந்தத் தாவல். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

அப்புறம் எப்படி இது குறை சொல்லும் சொல்லானது? ரோமிலேயே ஆகிவிட்டது. ‘நான் காதலில் குதிரை மாற்றுகிறவன் இல்லை’ என்ற பொருளில் ரோமானியக் கவிஞர் ஓவிட் ஒரு கவிதையில் உறுதி சொல்கிறார். ஆனால் 2ஆம் நூற்றாண்டில், வட ஆப்பிரிக்கக்காரரான அபுலேயஸ் எழுதிய நாவலின் தொடக்கத்தில், மொழி மாறிக் கதை சொல்வதை இந்தத் தாவும் கலையோடு ஒப்பிடுகிறான் கதைசொல்லி. அங்கே இகழ்ச்சியே இல்லை. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சொல் ஆங்கிலத்துக்கு வந்தது. கடைசியில் அங்கே நிலைத்தது ஓவிட் பக்கத்துப் பொருள்தான். அபுலேயஸ் ஜெயித்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

நாம் தினமும் சொல்லும் ரிசல்ட், இன்சல்ட், அசால்ட் எல்லாம் இதே ‘சலீரே’ வழி வந்தவை. கன்சல்ட் மட்டும் வேறு வேர்.

சரி, நுனிப்புல்லுக்கு வருவோம். அது பொருந்தாது. நுனிப்புல் மேய்வது என்றால் ஆழமில்லாத வாசிப்பு. ஒருவர் சோழர் கல்வெட்டுகளைப் பற்றிய புத்தகத்தைக் கடைசி வரிவரை ஊன்றிப் படித்துவிட்டு, அடுத்து தேனீ வளர்ப்பைக் கையில் எடுக்கலாம். அதுவும் டெசல்ட்டரி வாசிப்புதான். அப்படி வாசிப்பவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. தமிழில் எழுதுவதென்றால் ‘தாவித் தாவி வாசிப்பது’ என்றே எழுதுங்கள்.

அன்புடன்