எக்ஸ்ரேயில் கம்ப்யூட்டர் போடும் கோடு

கேள்வி: அப்பாவின் மார்பு எக்ஸ்ரேயில் கம்ப்யூட்டரே நுரையீரலைச் சுற்றிக் கோடு போட்டிருந்தது. அதை நம்பலாமா, டாக்டர்?

பதில்: படம் தெளிவாக இருந்தால் பெரும்பாலும் நம்பலாம். காற்று நிறைந்த நுரையீரல் கறுப்பாக விழும். எலும்பும் இதயமும் வெளுப்பாக விழும். மருத்துவர்கள் கையால் கோடு வரைந்த படங்களைக் காட்டித்தான் கம்ப்யூட்டரைப் பழக்குகிறார்கள். அமெரிக்காவின் மான்ட்கோமரி கவுண்டி காசநோய்த் திட்டத்தில் எடுத்த 138 படங்கள் இதற்குப் பேர்போனவை. 2015இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில் உருவான, படத்தில் உறுப்பின் எல்லையைப் பிரித்துக் காட்டும் யூ-நெட் என்ற கம்ப்யூட்டர் முறை வந்தபின் கோடு இன்னும் துல்லியமானது.

ஆனால், என்னிடம் வந்த ஒரு பெரியவருக்கு வலது நுரையீரலின் அடியில் நீர் கோத்திருந்தது. நீர் வெள்ளையாக விழுமல்லவா? மென்பொருள் அதற்கு மேலேயே கோட்டை முடித்துவிட்டது. நோய் இருந்த இடம் கோட்டுக்கு வெளியே போய்விட்டது. அன்றிலிருந்து, விலாவும் உதரவிதானமும் (நுரையீரலுக்கு அடியில் உள்ள தசைத் திரை) சேரும் கூர்மையான மூலையைத்தான், இரு பக்கமும், முதலில் பார்க்கிறேன். அப்புறம் இதயத்துக்குப் பின்புறம். அங்கேயும் நுரையீரல் உண்டு, கோடு அதைப் பெரும்பாலும் விட்டுவிடும்.

அப்பாவின் படத்தில் வலது, இடது என அந்த இரண்டு மூலைகளும் கோட்டுக்குள் இருக்கின்றனவா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.