மாத்தளை தாண்டினா முள்ளு ஏறுது

கேள்வி: அண்ணை, என்னட்ட பழைய டொல்பின் ஹையேஸ் வேன் ஒண்டு நிக்குது, த்ரீ எல் டீசல் எஞ்சின். திருகோணமலை டவுணுக்க, நிலாவெளிப் பக்கம் ஓடேக்க ஒரு கரைச்சலும் இல்ல, ஆனா கண்டிக்கு ஹயர் போனா மாத்தளை தாண்டி ஏத்தம் தொடங்கின உடன சூடு காட்டுற மீட்டர் முள்ளு சிவப்புக்குக் கிட்டப் போகுது. ஒவ்வொரு பயணத்துக்கும் ரேடியேட்டரில அரை லீட்டர் தண்ணி குறையுது, கீழ ஒரு சொட்டு ஒழுக்கும் இல்ல. கராச்சில தேர்மோஸ்டாட்டை, அதுதான் சூடானாத் திறந்து தண்ணியை ரேடியேட்டருக்கு விடுற வால்வை, கழட்டி எறிஞ்சும் சரிவரேல்ல, இப்ப எஞ்சின்ர மேல் மூடி, அந்த ஹெட்டைக் கழட்டோணும் எண்டு நிக்கிறாங்கள். எஞ்சின் முடிஞ்சுதா?
(வேன் உரிமையாளர், உப்புவெளி)

பதில்: தம்பி, ஹெட்டில ஸ்பானர் வைக்க விடாதேங்கோ, கொஞ்சம் பொறுங்கோ. முதல்ல எறிஞ்ச தேர்மோஸ்டாட்டுக்குப் பதிலா புதுசு ஒண்டு வாங்கிப் போடுங்கோ. நம்மட ஊரில கொதிச்சா அதைக் கழட்டுறதுதான் வைத்தியம் எண்டு ஒரு பழக்கம் இருக்கு, எனக்கு அதில கோவம் வாறது. இந்த மாதிரி டீசல் எஞ்சின் பலதில தேர்மோஸ்டாட் சூடாகித் திறக்கேக்க பக்கத்து பைபாஸ் ஓட்டையையும் சேர்த்து மூடும், அது இல்லாட்டி சுடுதண்ணியில ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாம எஞ்சினுக்கயே சுத்திக்கொண்டு நிக்கும், ஏத்தத்தில அது இன்னும் மோசம்.

அடுத்தது ரேடியேட்டர் மூடி. அதுதான் இருக்கிறதுக்குள்ள மலிவு, ஆனா கடைசியாத்தான் எல்லாரும் பாப்பாங்க. 0.9 பார் மூடி ஒழுங்கா இறுக்கிப் பிடிச்சா தண்ணி 118 பாகை கிட்டப் போனாத்தான் கொதிக்கும், ரப்பர் செத்துப்போன மூடி எண்டா 100 பாகையிலயே கொதிச்சு ரிசர்வ் போத்தலுக்குள்ள தள்ளிப்போடும். அதால கண்டியில நிண்டு போத்தலைப் பாருங்கோ, அது நிரம்பி வழிஞ்சிருந்து, மற்றநாள் காலம வேன் ஆறின பிறகும் அந்தத் தண்ணி திரும்பி உள்ள இழுபடாம அங்கயே கிடந்தா, மூடியில பிழை, இல்லாட்டி போத்தலுக்குப் போற சின்ன பைப்பில வெடிப்பு. உங்கட அரை லீட்டர் போன வழி அதாவும் இருக்கலாம்.

டவுணுக்க கொதிக்கேல்ல எண்டதால ஃபேன் மேல சந்தேகம் குறைவு. ஃபேனை எஞ்சினோட சேர்த்துச் சுத்த வைக்கிற ஃபேன் கிளச் சோர்ந்திருந்தா மத்திய வீதி நெரிசலிலயே காட்டிக்குடுத்திருக்கும். எண்டாலும் எஞ்சின் சூடா இருக்கேக்க ஓஃப் பண்ணிப்போட்டு ஃபேனைக் கையால சுத்திப் பாருங்கோ, இறுக்கமா நிக்கோணும், தட்டினவுடன லேசா சுத்திக்கொண்டு போனா அதுவும் மாத்தோணும். என்ர கணக்கில கூடுதல் சந்தேகம் ரேடியேட்டர் அடைப்பு. சூடான எஞ்சினை ஓஃப் பண்ணின கையோட ரேடியேட்டர் முகத்தில அங்கங்க தொட்டுப் பாருங்கோ, நடுவில எங்கயாவது குளிர்ந்த திட்டு இருந்தா அந்தக் குழாயளுக்குள்ள தண்ணி ஓடேல்ல. ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில பூச்சியும் தூசியும் மெத்தை மாதிரி கிடக்கும், அதையும் எஞ்சின் பக்கத்தில இருந்து வெளியால தண்ணி அடிச்சுக் கழுவுங்கோ.

இவ்வளவும் சரியெண்டா மட்டும் ஹெட்டுக்குக் கீழ அடைப்பா இருக்கிற ஹெட் காஸ்கட்டைப் பற்றி யோசிப்பம். விடியக் காலம, எஞ்சின் முழுக்க ஆறி இருக்கேக்க ரேடியேட்டர் மூடியைத் திறந்து விளிம்பு மட்டும் நிரப்பி ஸ்டார்ட் பண்ணுங்கோ. முதல்ல நாலைஞ்சு குமிழி வாறது காத்து, அதை விடுங்கோ, அக்சிலரேட்டர் மிதிக்க மிதிக்க நிக்காம குமிழி வந்தா அது காஸ்கட் பிஞ்சு தண்ணிக்குள்ள வாற சிலிண்டர் காஸ். மூடி போட்டு ஓட்டேக்க ரெண்டு மூண்டு நிமிசத்திலயே, இன்னும் சூடு வரமுதல், மேல் ஹோஸ் கல்லு மாதிரி இறுகினாலும் அதேதான். அப்ப கராச்காரர் சொன்னது சரி எண்டு நானும் ஒத்துக்கொள்ளுறன்.

ஒரு விசயம், சூட்டோட மூடியைத் திறக்காதேங்கோ. நான் கந்தளாய்க் குளத்தடியில அவசரப்பட்டுத் திறந்த தழும்பு இண்டைக்கும் முழங்கையில கிடக்கு. ஏத்தத்தில முள்ளு ஏறினா ஏசியை ஓஃப் பண்ணி ஒரு கியர் குறைச்சு ஓடுங்கோ, நிப்பாட்டினாலும் உடன எஞ்சினை ஓஃப் பண்ணாம கொஞ்ச நேரம் ஐடிலில விடுங்கோ. தண்ணி கொதிச்சு வெளிய தள்ளத் தொடங்கினா மட்டும் உடன ஓஃப்.

கேள்வி: வீட்டுக் கிணத்துத் தண்ணியை ரேடியேட்டருக்கு விடலாமா?
(நிலாவெளி வாசகி)

பதில்: கடற்கரைக் கிணறு எண்டா வேண்டாம் அக்கா, உப்பு உள்ள படிஞ்சு குழாயை அடைக்கும், அலுமினியம் ஹெட்டையும் அரிக்கும். பற்றரிக்கு விடுற சுத்தத் தண்ணியும் கூலன்டும் பாதிக்குப் பாதி கலந்து விடுங்கோ. நடுவழியில அவசரமெண்டா கன்னியா வெந்நீர்க் கிணத்துத் தண்ணியா இருந்தாலும் விட்டு ஓடி வாங்கோ, ஆனா வீட்ட வந்த பிறகு முழுக்க இறக்கிக் கழுவோணும்.