சீசன் பாதியில் நட்சத்திர வீரரை விற்றுவிட்டால் ரசிகன் என்ன செய்வான்?

கேள்வி: அமெரிக்க பேஸ்பாலில், நன்றாக ஆடிக்கொண்டிருக்கும் வீரரையே சீசன் நடுவில் வேறு அணிக்குக் கொடுத்துவிடுகிறார்களே, ரசிகர்கள் இதை எப்படி ஏற்றுக்கொள்கிறார்கள்?

எங்கே ஏற்றுக்கொள்கிறோம்! 2025 ஜூனிலிருந்து நான் வீட்டில் இதையே புலம்பிக்கொண்டிருக்கிறேன். கேட்க ஆள் இல்லாத நேரத்தில் உங்கள் கேள்வி வந்தது.

நீங்கள் ஐபிஎல் பார்த்துப் பழகியவர் என்று நினைக்கிறேன். அங்கே ஏலம் முடிந்தால் சீசன் முடியும்வரை பெரும்பாலும் அதே சட்டைதான். இங்கே அப்படி இல்லை. வீரர் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தையே ஒரு அணி இன்னொரு அணிக்குக் கைமாற்றலாம், அவரிடம் சம்மதம் கேட்க வேண்டியதில்லை. லீகில் 10 ஆண்டு ஆடி, அதில் கடைசி 5 ஆண்டு ஒரே அணியில் இருந்தவர் 'போகமாட்டேன்' என்று சொல்லலாம். அல்லது ஒப்பந்தத்திலேயே அப்படி எழுதி வாங்கியிருக்க வேண்டும். மற்றவர்கள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

நான் பாஸ்டன் ரெட் சாக்ஸ் ரசிகன். பாஸ்டனுக்கு வந்து பல வருடம் ஆகிறது. 2013-ல் அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கிறார்களே என்று பார்க்க ஆரம்பித்தேன், அந்த வருடமே உலகத் தொடரை (பேஸ்பால் சீசனின் இறுதிக் கோப்பை) வென்றார்கள். முதல் வருடமே ஜெயித்துவிட்டால் அப்புறம் விட முடியுமா?

2025 ஜூன் 15, தந்தையர் தினம். எங்கள் மைதானமான ஃபென்வே பார்க்கில் நியூயார்க் யாங்கீஸோடு ஆட்டம். ("தந்தையர் தினத்துக்கு நீங்களே உங்களுக்கு டிக்கெட் வாங்கிக்கிட்டீங்களா?" என்று மனைவி கேட்டதை இங்கே பதிவு செய்கிறேன்.) பதினொரு வயது மகனையும் கூட்டிப்போனேன். அவனுக்கு எங்கள் அணியின் நட்சத்திர பேட்டர் ரஃபேல் டெவர்ஸ் என்றால் உயிர். அப்போது டெவர்ஸின் சட்டை எண்ணும் 11, இவன் வயதும் 11. அந்த வருடப் பிறந்தநாளுக்கு அந்த ஜெர்சிதான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டான். விலையைச் சொன்னால் ஊரில் அம்மா சாப்பிடமாட்டார்.

அன்று டெவர்ஸ் ஹோம் ரன் (நம் கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்தார். 2-0 என்று வென்று, மூன்று ஆட்டங்களிலும் யாங்கீஸை அடித்துத் துரத்தினோம். ரயிலில் முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் என் மகன் கையைத் தட்டிக்கொண்டு போனார்கள். வீட்டுக்கு வந்து காபி போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடுத்தடுத்து அதிர்ந்தது. டெவர்ஸை சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆட்டம் முடிந்து சில மணி நேரம்கூட ஆகவில்லை. பையன் இன்னும் ஜெர்சியைக் கழற்றவில்லை. அழவில்லை, "அப்பா, இதைக் கடையில திருப்பி எடுத்துக்குவாங்களா?" என்று மட்டும் கேட்டான். எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

"313 மில்லியன் டாலர் வாங்குகிறவர், ஃபர்ஸ்ட் பேஸில் நில் என்றால் நிற்க வேண்டாமா?" என்று கேட்கப்போகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நானும் அதை யோசித்தேன். (ஃபர்ஸ்ட் பேஸ், தேர்ட் பேஸ் எல்லாம் ஃபீல்டர் நிற்கும் இடங்கள், ரன்னுக்கு ஓடுபவர் கடக்க வேண்டியதும் அவற்றைத்தான்.) டெவர்ஸ் தேர்ட் பேஸில் அப்படியொன்றும் பிரமாதமான ஃபீல்டர் இல்லை, நிறைய தவறவிடுவார். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நடந்ததை வரிசையாகப் பாருங்கள். பிப்ரவரியில் அலெக்ஸ் பிரெக்மன் என்ற இன்னொரு தேர்ட் பேஸ் வீரரை 120 மில்லியனுக்குக் கொண்டுவந்தார்கள். தேர்ட் பேஸ் அவருக்குப் போனது. டெவர்ஸை பந்தடிக்க மட்டும் வா என்றார்கள். முணுமுணுத்துவிட்டு வந்தார், அடிக்கவும் செய்தார். மே மாதம் ஃபர்ஸ்ட் பேஸில் நின்ற டிரிஸ்டன் காசஸ் முழங்காலில் அடிபட்டு சீசனையே இழந்ததும், இப்போது அங்கே போ என்றார்கள். ஒருமுறை மாறச் சொன்னீர்கள், மாறினேன், மறுபடியும் முடியாது என்றார். உரிமையாளர் ஜான் ஹென்றி அணி ஆடப் போயிருந்த கான்சாஸ் சிட்டி வரை விமானம் ஏறிப் போய்ப் பேசிப் பார்த்தார். மே கடைசியில் பிரெக்மனுக்கும் காயம். அப்போதாவது பழைய இடத்தைக் கொடுத்தார்களா? புதுப்பையன் மார்செலோ மேயரைக் கூப்பிட்டார்கள். அப்புறம் ஒருவருக்கு மனம் விட்டுப்போகாதா?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், ஆறு வருடத்துக்கு முன்னால் என் அலுவலகத்திலும் (பெயர் வேண்டாம்) இதேதான் நடந்தது. நான் கட்டி எழுப்பிய குழுவுக்கு வெளியிலிருந்து ஒருவரைத் தலைவராகப் போட்டு, "நீ கொஞ்ச நாள் சப்போர்ட் வேலையைப் பார்" என்றார்கள். டீம் பிளேயர் என்று தோளில் தட்டினார்கள். நான் டெவர்ஸ் மாதிரி மறுக்கவில்லை, சரி என்றேன். எட்டு மாதத்தில் அந்த சப்போர்ட் வேலையையே மூடிவிட்டார்கள். விசா புதுப்பிக்கும் நேரம் வேறு. இந்தியாவிலிருந்து வந்த மேலாளர், தமிழர்தான், லிஃப்டில் என்னைப் பார்த்தால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார். சரி, அது இங்கே தேவையில்லாத கதை.

பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் புலம்பினேன். அவர் 2004-ஐ எடுத்து வைத்தார். அந்த ஜூலை 31-ல் நோமார் கார்சியாபாராவை சிகாகோ கப்ஸுக்குக் கொடுத்தார்கள். 1999, 2000 இரண்டு வருடமும் லீகிலேயே அதிக பேட்டிங் சராசரி வைத்த ஆள், ஊரே சாமியாகக் கும்பிட்டது. அன்று இந்தப் பெரியவர் சமையலறையில் உட்கார்ந்து அழுதாராம். அதே நாளில் டேவ் ராபர்ட்ஸ் என்பவரைச் சத்தமில்லாமல் வாங்கினார்கள். அக்டோபரில் யாங்கீஸோடு வெளியேறும் விளிம்பில் நின்றபோது அந்த ராபர்ட்ஸ்தான் இரண்டாம் பேஸைத் திருடினார், அதாவது பந்து வீசும்போதே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்ந்தார். அதில் ஆட்டமே திரும்பியது. 86 வருடம் கழித்துக் கோப்பை. "அதனால பொறு" என்றார்.

பொறுக்கலாம். ஆனால் 2020-ல் எங்கள் இன்னொரு நட்சத்திரம் மூக்கி பெட்ஸை லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்குக் கொடுத்தபோதும் இதையேதான் சொன்னார்கள். அவர் அங்கே போய் அந்த வருடமே கோப்பை வாங்கினார்.

இதில் சங்கடம் என்னவென்றால், டெவர்ஸ் போனபிறகு அணி ஜெயித்தது. சீசன் நடுவில் வரும் ஆல்-ஸ்டார் இடைவேளைக்கு முன் தொடர்ச்சியாக 10 வெற்றி, மொத்தம் 53 வெற்றி, 45 தோல்வி. புதுப்பையன் ரோமன் ஆன்டனி இருபத்தோரு வயதில் அடித்த அடியைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது. பிட்சர் (பந்து வீசுபவர்) காரட் கிரோஷே ஜூலை 12 அன்று ஒன்பது இன்னிங்ஸையும் தானே வீசி 1-0 என்று முடித்தார். "பார்த்தாயா, கிரெய்க் பிரெஸ்லோ செய்தது சரிதானே" என்று, வீரர்களை வாங்கி விற்கும் அணி அதிகாரியைச் சொல்லி, அலுவலகத்தில் கேட்டார்கள். ஜெயித்தால் செய்ததெல்லாம் சரியாகிவிடுமா? டெவர்ஸுக்கு ஈடாக வந்த கைல் ஹாரிசன் அப்போது வூஸ்டரில் இரண்டாம் நிலை அணிக்கு வீசிக்கொண்டிருந்தார். ஃபர்ஸ்ட் பேஸில் அப்போதும் நிரந்தரமான ஆள் இல்லை. கிரோஷேக்கு அடுத்து நம்பி அனுப்ப இன்னொரு பிட்சர் வேண்டியிருந்தது. டெவர்ஸ் சம்பளத்தில் 250 மில்லியனுக்கு மேல் மிச்சம் பிடித்தீர்களே, அதில் கொஞ்சம் எடுத்து வாங்குங்கள் ஐயா என்று கத்தத் தோன்றியது.

ஜூன் 21 அன்று, விற்று ஒரு வாரம்கூட ஆகாத நிலையில், டெவர்ஸ் ஜயன்ட்ஸ் சட்டையில் நமக்கு எதிராகவே ஹோம் ரன் அடித்தார். என் மகன் சோபாவிலிருந்து எழுந்து கைதட்டினான். பழைய 11-ஆம் எண் ஜெர்சியோடுதான் உட்கார்ந்திருந்தான். அவனைத் திட்டுவதா, நானும் தட்டுவதா என்று தெரியாமல் ரிமோட்டைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

2025-ல் வீரர்களைக் கைமாற்றக் கடைசி நாள் ஜூலை 31, மாலை 6 மணி. அன்று ஐந்து மணியிலிருந்து யாரும் எனக்கு போன் செய்ய வேண்டாம் என்று சொல்லிவைத்தேன்.