முகம் கறுக்குது, வானம் வெளுக்குது

கேள்வி: அப்பாவின் அறுபதாம் கல்யாணம் முடிந்த மறுநாள் எல்லோரும் ராமேஸ்வரம் போகிறோம். தனுஷ்கோடியில் 12 பேரையும் நிறுத்திக் குடும்பப் படம் எடுக்க ஆசை. போன தடவை கடல் அழகாக விழுந்தது, முகங்கள் கறுத்துவிட்டன. முகத்தைச் சரிசெய்தால் வானம் வெளுத்துப்போகிறது. இப்போது ஒரு ஃப்ளாஷ், ட்ரிக்கர் (ஃப்ளாஷைத் தள்ளி வைத்தே அடிக்க உதவுவது), ஸ்டாண்ட், வெள்ளைக் குடை வாங்கியிருக்கிறேன். எப்படி வைப்பது?
— வாசகி, திருநகர்

பதில்: முதலில், குடையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். அங்கே அடிக்கிற காற்றுக்குக் குடை விரித்தால் ஸ்டாண்டோடு சாய்ந்துவிடும். அதோடு, குடை வெளிச்சத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். சாதாரணக் கையடக்க ஃப்ளாஷை முழு பவரில் வைத்துக் குடை வழியாக 3 மீட்டரிலிருந்து அடித்தால், ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன்) 100-இல் எஃப் 5.6-க்குத்தான் கிட்டத்தட்ட வரும் (எஃப் என்பது லென்ஸ் திறப்பின் அளவு; எண் கூடினால் திறப்பு சிறுக்கும்). வெயிலோடு போட்டி போட அது போதாது. குடை இல்லாமல் ஃப்ளாஷின் ஜூமை 50-இல் வைத்து நேரடியாக அடித்தால், 4 மீட்டரிலிருந்துகூட எஃப் 8-க்கு மேலே கிடைக்கும். வெளிச்சம் கொஞ்சம் கடினமாக இருக்கும். பரவாயில்லை, வெயிலும் அப்படித்தானே.

சாயங்காலத்தை நம்ப வேண்டாம். இருட்டுவதற்கு முன்பே தனுஷ்கோடியிலிருந்து வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். காலை ஏழு மணியை ஒட்டிப் போய்விடுங்கள். எல்லோரும் சூரியனுக்கு முதுகு காட்டி நிற்கட்டும், கண் கூசாது.

இனி அளவு. கேமராவை மேனுவலில் வைத்து ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/200. ஃப்ளாஷை அணைத்துவிட்டு எஃப் 8-இல் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். வானத்தின் நிறம் தெரிகிறவரை அபர்ச்சரை, அதாவது லென்ஸ் திறப்பை, கூட்டிக் குறையுங்கள். முகம் இருட்டாக இருக்கும், அதை அப்படியே விடுங்கள். பிறகு ஃப்ளாஷைப் பாதி பவரில் போட்டு முகத்தை மட்டும் பாருங்கள். குறைந்தால் முழு பவர், கூடினால் கால் பவர். வானம் கேமராவின் வேலை, முகம் ஃப்ளாஷின் வேலை. இரண்டையும் ஒரே சமயத்தில் திருகினால்தான் குழப்பம் வருகிறது.

12 பேர் என்பதால் தூரம் முக்கியம். ஸ்டாண்டை ஓரமாக 2 மீட்டரில் வைத்தால், பக்கத்தில் நிற்கும் சித்தி வெளுத்துப்போவார். 4 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு அதில் கால் பங்கு வெளிச்சம்தான் போகும். அதனால் கேமராவுக்குப் பக்கத்திலேயே, சற்று ஒதுக்கி, 4 மீட்டர் தள்ளி வையுங்கள். ஃப்ளாஷின் தலையைக் கிட்டத்தில் நிற்பவரை நோக்கித் திருப்பாமல், எட்ட நிற்பவரை நோக்கித் திருப்புங்கள். உயரம் இரண்டரை மீட்டர் இருக்கட்டும். முன் வரிசையின் நிழல் பின் வரிசை முகத்தில் விழாது, மூக்குக்கண்ணாடியிலும் பளிச்சென்று அடிக்காது. வெயிலில் கறுக்கும் கண்ணாடி போட்டவர்கள் படம் எடுக்கிறவரை அதைப் பையில் வைத்திருக்கட்டும்.

ஸ்டாண்டுக்கு எடை வேண்டும். மணல் மூட்டையை மதுரையிலிருந்து சுமக்க வேண்டாம்; 10 கிலோ அரிசிப் பை இரண்டைக் காலியாகக் கொண்டுபோய் அங்கேயே நிரப்பிக் காலில் கட்டுங்கள். மூன்று காலில் ஒன்று காற்று போகிற திசையைப் பார்த்து இருக்கட்டும். சாய்வது அந்தப் பக்கம்தான். அதைவிட நல்லது, படத்தில் நிற்காத ஒரு தம்பி. மோனோபாடில் (ஒற்றைக்கால் தடி) மாட்டிக் கையில் கொடுத்துவிட்டால் எந்த ஸ்டாண்டும் அவனுக்கு ஈடாகாது.

பட்டுச் சேலையின் ஜரிகையும் நகையும் நேரடி ஃப்ளாஷில் வெள்ளைப் பொட்டுகளாக விழும். சுங்குடி கட்டினால் அந்தத் தொல்லை இல்லை, கடற்கரைக்கும் அதுவே வசதி.

ஒத்திகை பார்க்க வண்டியூர் தெப்பக்குளம் போதும். சாயங்காலம் கிழக்குக் கரையில் இரண்டு பேரை மைய மண்டபத்துக்கு முதுகு காட்டி நிறுத்துங்கள். சூரியன் அவர்களுக்குப் பின்னால் இறங்கும், தனுஷ்கோடிக் காலையின் அதே கணக்குதான்.

கேள்வி: பின்னணி மங்கலாக வர எஃப் 2.8-இல் ஷட்டரை 1/1000-க்கு ஏற்றினேன். படத்தில் பாதிக்கு மேல் இருட்டுப் பட்டை. ஃப்ளாஷ் கெட்டுவிட்டதா?
— வாசகர், மேலூர்

பதில்: கெடவில்லை. பெரும்பாலான கேமராக்களில் 1/200 அல்லது 1/250 வரைதான் ஷட்டரின் இரு திரைகளும் ஒரே நேரத்தில் முழுக்கத் திறந்திருக்கும். அதைத் தாண்டினால் ஒரு கீற்றுதான் சென்சார் மேல் நகர்கிறது. ஃப்ளாஷ் மின்னும் அந்த நொடித்துளியில் மூடியிருக்கும் பகுதிக்கு அதன் வெளிச்சம் போகாது. ஃப்ளாஷிலும் ட்ரிக்கரிலும் ஹை ஸ்பீட் சிங்க் (வேகமான ஷட்டரோடு ஃப்ளாஷ் சேர்ந்து அடிக்கும் வசதி) இருந்தால் பட்டை போய்விடும். ஆனால் பவர் கால் பங்குக்கும் கீழே இறங்கும், தொடர்ந்து அடித்தால் ஃப்ளாஷ் சூடேறி நின்றுவிடும். ஒருவர், இருவர் படத்துக்குக் கிட்டே வைத்துச் சமாளிக்கலாம், கூட்டத்துக்கு ஆகாது. மூன்று ஸ்டாப் என்டி ஃபில்டர் (வெளிச்சத்தை எட்டில் ஒரு பங்காகக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி) மாட்டினால் 1/200-இலேயே எஃப் 2.8 கிடைக்கும். அது ஃப்ளாஷின் வெளிச்சத்தையும் சேர்த்துத்தான் குறைக்கும் என்றாலும், அபர்ச்சரைத் திறந்ததில் அது ஈடாகிவிடும்.

கேள்வி: கடற்கரை போய்வந்த பிறகு ட்ரிக்கர் விட்டுவிட்டு அடிக்கிறது. ஸ்டாண்டின் காலும் நறநறக்கிறது.
— வாசகர், உசிலம்பட்டி

பதில்: உப்பும் மணலும்தான். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ட்ரிக்கரின் அடியிலும் கேமராவின் தலையிலும் உள்ள உலோகப் புள்ளிகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். உடல் பகுதியை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றுங்கள். ஸ்டாண்டை முழுக்க நீட்டி, பூட்டுகளைத் தளர்த்தி, நல்ல தண்ணீரில் அலசி, தலைகீழாகச் சாய்த்து நிழலில் காயவிடுங்கள். மடக்கி வைத்த பிறகு எண்ணெய் விடாதீர்கள், அடுத்த முறை மணல் அதில்தான் ஒட்டும்.